நாலு லைட்டு

உக்காருங்க சார், இந்தச் சேர் ஆடாது. அந்தாண்ட இருக்குதே, அது கால் ஒடிஞ்சது. ஒன்றரை வருஷமா பாக்குறேன், எவனும் மாத்தல. உள்ள இருக்கிறது உங்க வீட்டம்மாவா? மொத நாளா? மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. பயப்படாதீங்க. நாலு மணி நேரம் ஆவும். ரத்தத்தை ஒரு டியூபுல வெளிய எடுப்பான், சுத்தம் பண்ணுவான், இன்னொரு டியூபுல உள்ள விடுவான், அவ்ளோதான். ஏசி தலைக்கு நேரா அடிக்கும், அடுத்த வாட்டி ஒரு போர்வை எடுத்தாந்துடுங்க.

எம் பேரு எத்திராஜு. கண்ணாடி வழியா பாருங்க, மூணாவது பெட்டுல பச்சைப் போர்வை போத்திக்கினு ஒருத்தி படுத்திருக்கா இல்ல, அதான் என் சம்சாரம், பூங்காவனம். திங்கள், வியாழன் ரெண்டு நாளும் எங்களுக்கு இதான் வீடு.

பதினோரு மணிக்கு டாக்டரம்மா வருவாங்க. ஒவ்வொரு பெட்டாண்டயும் நின்னு ஒரே கேள்விதான் கேப்பாங்க. ஒரு நாளைக்கு எவ்ளோ ஒண்ணுக்குப் போவுதும்மான்னு. ஏன் கேக்குறாங்கன்னா, போற அளவுக்குத்தான் இவங்களுக்குத் தண்ணி. போற அளவோட ஒரு அரை லிட்டர் சேத்துக் குடிக்கலாம், அவ்ளோதான். இவ அரை லிட்டர் போவுதுன்னு சொல்வா. அப்ப மொத்தம் ஒரு லிட்டர்னு எழுதிக் குடுப்பாங்க. இன்னைக்கும் அதே கேள்வி வரும், அவளும் அதையேதான் சொல்வா. பக்கத்துல நான் நிப்பேன். என்ன பண்றதுன்னு அதுக்குள்ள நான் ஒரு முடிவுக்கு வரணும் சார்.

இருங்க, முதல்ல இருந்து சொல்றேன். இப்படி நடுவுலேர்ந்து சொன்னா உங்களுக்கு ஒண்ணும் புரியாது.

நான் கேரவன் ஓட்டுறேன். சினிமா ஷூட்டிங்ல நடிகருங்க உக்கார்ற வண்டி. கட்டிலு, கண்ணாடி, பாத்ரூம் எல்லாம் உள்ளயே இருக்கும். ஓட்டுறது அந்த வேலையில கால்வாசிதான். வண்டிக்கு அடியில ரெண்டு டேங்க் இருக்கும், ஒண்ணு கக்கூஸ் டேங்க், இன்னொண்ணு குளிக்கிற, கை கழுவுற தண்ணிக்கு. அதைக் காலி பண்ணி கழுவி வைக்கிறதுதான் முக்காவாசி வேலை. மத்தவனுங்க அதை வெளிய சொல்ல மாட்டானுங்க. எனக்கு அதுல ஒரு வெக்கமும் கிடையாது. கேட்டா சொல்வேன், கேக்கலைன்னாலும் சொல்வேன், இப்ப சொல்றேனே அந்த மாதிரி.

அதுல ஒரு முறை இருக்கு. டேங்க் வால்வைத் திறந்தே விடக் கூடாது. சில மடையனுங்க குழாயை மாட்டி, அது பாட்டுக்கு ஓடட்டும்னு திறந்து விட்டுட்டு டீ குடிக்கப் போவான். தண்ணி மட்டும் ஓடிடும். கட்டி அப்படியே அடியில தங்கி, காஞ்சு, பாறையாட்டம் ஆயிடும். அப்புறம் கடப்பாரைதான். மூடி வெச்சு, முக்காலு நிறைஞ்சதும் ஒரே இழுப்புல திறக்கணும். எல்லாத்தையும் தண்ணிதான் இழுத்துக்கினு போவும். முதல்ல கக்கூஸ் டேங்க்கு, அப்புறம்தான் குளிச்ச தண்ணி. அந்தத் தண்ணி வந்து குழாயைக் கழுவி விட்டுடும். மாத்திப் பண்ணினா நாறிடும். கடைசியா ரெண்டு மூட்டை ஐஸ் கட்டி வாங்கிக் கொட்டி, ஸ்பீட் பிரேக்கரா பாத்து பத்து கிலோமீட்டர் ஓட்டுவேன். ஐஸு உருண்டு உருண்டு சுவத்தைத் தேச்சுடும். அப்புறம் ஒரு வாளி தண்ணி, ஒரு மூடி நீல மருந்து. அதோட வண்டி ரெடி.

நடிகருங்க அசிஸ்டெண்ட்டுங்க கிட்டல்லாம் நான் சண்டையே போடுவேன். தண்ணியை நிறைய விடுங்கய்யா, மிச்சம் பிடிக்காதீங்க, தண்ணி கம்மியாப் போனா டேங்க் செத்துடும்னு சொல்லிச் சொல்லி என் வாயே வலிச்சிடும்.

கதவாண்ட உள்பக்கமா ஒரு சின்ன போர்டு இருக்கும், நாலு லைட்டு. ஒண்ணு எரிஞ்சா டேங்க் காலி. நாலும் எரிஞ்சா ஃபுல்லு. மத்த வண்டிங்கள்ல பேப்பர் கீப்பர் ஒட்டிக்கினு காலியா இருந்தாலும் மூணு எரியும். என் வண்டியில அந்தப் பேச்சே கிடையாது. லைட்டு என்ன சொல்லுதோ அதான் நெசம். பதினேழு வருஷத்துல என் வண்டி லைட்டு ஒரு நாள் பொய் சொன்னதில்ல.

இந்த வேலையில இன்னொண்ணு இருக்கு சார், யாரும் நம்ப மாட்டாங்க. டேங்க்கைப் பாத்தே ஆளு எப்படி இருக்காங்கன்னு நான் சொல்லிடுவேன். அந்த நீல மருந்து இருக்குதே, அது ஒரு ஆளு ஒரு வாட்டி போனாலே பச்சையாத் திரும்பிடும். அது எப்படித் திரும்புது, எவ்ளோ நேரத்துல திரும்புதுங்கறதுல எல்லாம் தெரிஞ்சிடும். ஒரு ஹீரோயின் பொண்ணு முழுகாம இருந்ததை அவங்க அம்மாவுக்கு முன்னாடி நான் கண்டுபிடிச்சேன், வாயைத் திறக்கல. ஒரு பெரிய நடிகர், பேரு வேணாம், அவருக்கு ரத்தம் போயிக்கினு இருந்தது. மேனேஜரைத் தனியா கூப்ட்டு, டாக்டரைப் பாக்கச் சொல்லுங்கன்னேன். ஆபரேஷன் பண்ணி இன்னைக்கும் டூயட் ஆடிக்கினு இருக்காரு. அந்த ஆளைக் காப்பாத்துனது நான். ஊரான் உடம்பெல்லாம் எனக்கு அத்துப்படி.

பூங்காவனத்தைப் பத்திச் சொல்ல வந்தேன் இல்ல. அவளும் சினிமாவுலதான் இருந்தா. ஜூனியர் ஆர்ட்டிஸ்ட். கூட்டம் வேணும்னா ஏஜெண்ட் பஸ்ல ஏத்திக்கினு போவான். கல்யாண வீட்டுக் கூட்டம், மார்க்கெட்டுக் கூட்டம், சாவு வீட்டுக் கூட்டம். நல்லா அழுவா சார். கிளிசரின் இல்லாம அழுவா. ஆனா உடம்புல தெம்பு ஜாஸ்தி. காலையில அஞ்சு மணிக்கு வாய் கொப்புளிச்சா சாயங்காலம் பேக்கப் வரைக்கும் ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டா. மத்த பொம்பளைங்களும் அப்படித்தான், ஆனா இவ அளவுக்கு வராது. நான்கூட ஒட்டகம்னு கிண்டல் பண்ணுவேன். அவ உடம்பு வாகு அப்படின்னு நெனச்சேன். அவளும் சிரிப்பா.

அப்பப்ப காய்ச்சல் வரும். குளிர் காய்ச்சல், இடுப்புல வலி. மெடிக்கல்ல சொன்னா மாத்திரை குடுப்பான், நாந்தான் வாங்கியாருவேன். ரெண்டு நாள்ல எழுந்துடுவா. அந்த வலி மாத்திரைதான் சார் கிட்னியைத் தின்னது. டாக்டரம்மா வேற என்னென்னமோ சொன்னாங்க, எனக்கு ஞாபகம் இல்ல. வலி மாத்திரைன்னு சொன்னது ஞாபகம் இருக்கு.

நாலு வருஷம் முன்னாடி செஞ்சிப் பக்கம் ஒரு படம். திருவிழா சீனு, பன்னெண்டு நாளு. சுத்திப் பாறை, ஒரு செடி மறைவு கிடையாது. எண்பது பொம்பளைங்க தலையில முளைப்பாரி வெச்சுக்கினு வெயில்ல நிக்கணும். கன்டினியூட்டின்னு ஒண்ணு இருக்கு, முத நாளு எந்த எடத்துல நின்னாளோ பன்னெண்டு நாளும் அங்கயேதான் நிக்கணும். நகந்தா அசிஸ்டெண்ட் டைரக்டர் மைக்குல மானத்தை வாங்குவான். பொம்பளைங்க விடியறதுக்கு முன்னாடி கும்பலாப் போயிட்டு வந்துடுவாங்க. அப்புறம் இருட்டுனதும்தான்.

ஒரே ஷூட்டிங்ல ரெண்டு பேரும் இருந்தா நானும் அவளும் பேசிக்க மாட்டோம். அது ஒரு வழக்கம்னு வெச்சுக்குங்களேன். கேரவன் டிரைவருங்க நாங்க தனியா உக்காந்து சாப்புடுவோம், எங்களுக்குத் தனி மரியாதை. கூட்டத்துல நிக்கிறவ என் சம்சாரம்னு எதுக்கு ஊருக்கெல்லாம் சொல்லணும். அவளும் சொல்ல மாட்டா.

ஒன்பதாம் நாளு. அன்னைக்குக் காலையிலகூட நான் முப்பது கிலோமீட்டர் போயி டவுனு சாக்கடை பம்பிங் ஸ்டேஷன்ல டேங்க்கைக் கொட்டிட்டு வந்தேன். மத்த வண்டிக்காரனுங்க ஏரியில விட்டுட்டு வந்துடுவானுங்க. நான் ஒரு நாளும் அப்படிப் பண்ணதில்ல. ஒரு பத்தரை மணி இருக்கும். ஹீரோயின் பொண்ணு ஷாட்டுல இருக்கு, வண்டி சும்மா நிக்குது, நான் படிக்கட்டுல உக்காந்திருக்கேன். எதிர்ல நிழல்ல மத்த டிரைவருங்க. பூங்காவனம் வர்றா. முளைப்பாரியை எங்கயோ இறக்கி வெச்சுட்டு, பட்டுப்புடவை முந்தானையை வயித்தோட அழுத்திப் பிடிச்சுக்கினு வர்றா. அவ பின்னால ரெண்டு பொம்பளைங்க கொஞ்சம் தள்ளி நின்னுட்டாங்க. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என் வண்டியாண்ட அவ வந்தது அன்னைக்குத்தான்.

"ஏங்க, ஒரே ஒரு வாட்டி உள்ள போயிட்டு வந்துடட்டுமா?"ன்னா. மெதுவாத்தான் கேட்டா, எனக்கு மட்டும் கேக்குற மாதிரி.

ஆர்ட்டிஸ்ட்டைத் தவிர வேற யாரும் உள்ள போவக் கூடாதுங்கறது ரூலு சார். ரூலுன்னா ரூலு. ஒருத்தியை விட்டா பின்னால நிக்கிற ரெண்டு பேரும் கேப்பாங்க, அப்புறம் எண்பது பேரு. அதுவும் இல்லாம டேங்க் அன்னைக்கு ஃபுல்லு. நாலு லைட்டும் எரியுது. அதைத்தான் சொன்னேன். டேங்க் ஃபுல்லும்மா, நாலு லைட்டும் எரியுது, போ போன்னேன். தெரியாத பொம்பளைகிட்ட சொல்ற மாதிரி சொன்னேன், பக்கத்துல ஆளுங்க இருக்காங்க இல்ல.

அவ ஒரு நிமிஷம் என்னைப் பாத்தா. என்னைப் பாத்தாளா, எனக்குப் பின்னால திறந்திருந்த கதவைப் பாத்தாளான்னு தெரியல. சரிங்கன்னுட்டு போயிட்டா. சாயங்காலம் வரைக்கும் முளைப்பாரியோட நின்னா. ஹீரோயினுக்குப் பின்னால ரெண்டாவது வரிசையில நிக்கிறா. படத்துல பாருங்க, தெரிவா.

அந்த வாட்டி காய்ச்சல் பத்து நாளு. எழுந்துட்டா, ஆனா பழைய தெம்பு வரல. அப்புறம் ரெண்டு வருஷம் ஓடுச்சு. ஒரு நாளு காலு வீங்கிப் போயி மெட்டி ஏறலன்னா. இங்க இட்டாந்தேன். ஸ்கேன் எடுத்தாங்க. ரெண்டு கிட்னியும் சுருங்கிப் போச்சுன்னாங்க.

டாக்டரம்மா அன்னைக்கு ஒரு கேள்வி கேட்டாங்க. ஒண்ணுக்கை அடக்குற பழக்கம் உண்டாம்மான்னு. நான் பக்கத்துலதான் நிக்கிறேன். இவ தரையைப் பாத்துக்கினே, இல்லீங்க டாக்டர்ன்னா. அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது. செஞ்சியில நடந்ததை அவ மறந்துட்டான்னு நெனச்சேன். அப்படி நெனச்சுக்கறதுதான் எனக்கும் சவுகரியமா இருந்துச்சு.

முதல் நாளு இங்க அந்த மிஷினைப் பாத்ததும் எனக்கு சிரிப்புதான் வந்துச்சு. உள்ள போற டியூபு, வெளிய வர்ற டியூபு, கழிவு போறதுக்குக் கீழ ஒரு குழாய். டெக்னீஷியன் தம்பிகிட்ட, இது நம்ம தொழிலாச்சேன்னேன். அவன் மொறைச்சான். முடிஞ்சதும் அந்தத் தம்பி டியூபைக் கழுவுவான், நான் கண்ணாடி வழியா பாத்துக்கினே இருப்பேன். சுத்தமாத்தான் கழுவுறான், குறை சொல்ல முடியாது.

தண்ணிதான் சார் பெரிய கொடுமை. நாள் பூரா ஒரு சொட்டு குடிக்காம நின்னவளுக்கு இப்ப எந்நேரமும் தாகம். உதடு வெடிச்சுப் போவுது. டிவியில மழை பேஞ்சா சேனலை மாத்தச் சொல்றா. ஒரு லிட்டர் பாட்டில்ல காலையில நான் அளந்து வெப்பேன், அதான் அன்னைக்கு முழுக்க. அதுக்கு மேல கேட்டா ஐஸ் கட்டி. தோ, இந்த ஃபிளாஸ்க்குல இருக்கு. ஒண்ணை வாயில போட்டா கால் மணி நேரம் தாங்கும்.

அளந்துதான் குடுக்குறேன். ஆனா ஒவ்வொரு திங்கக்கிழமையும் நாலு கிலோ, நாலரை கிலோ ஏறி வர்றா. மூச்சு வாங்குது. மல்லாக்கப் படுக்க முடியல. சிஸ்டர் என்னைத் திட்டுது, நெஞ்சுல தண்ணி சேந்தா ஆளு தங்காது, நெசமாவே அளந்துதான் குடுக்குறீங்களான்னு. எனக்குன்னா கோவம். தண்ணி அளக்குறதை எனக்கே சொல்லித் தர்றாங்க. அவ அரை லிட்டர் போவுதுன்றா, நான் ஒரு லிட்டர் குடுக்குறேன், அப்புறம் எங்கேர்ந்து ஏறுது நாலு கிலோ?

முந்தாநேத்து சனிக்கிழமை வண்டியை சர்வீசுக்கு எடுத்துக்கினு போவணும். வழியிலதான் வீடு. எனக்கு என்ன தோணுச்சோ தெரியல சார். நேரா பம்பிங் ஸ்டேஷன் போயி டேங்க்கைக் கொட்டினேன். ஐஸு வாங்கிப் போட்டு ஓட்டினேன். மறுபடியும் கழுவினேன். பாத்ரூமுக்குப் புது சோப்பு, புது டவல். ஒரு வாளி தண்ணி ஊத்தி, ஒரு மூடிக்கு ரெண்டு மூடியா நீல மருந்து போட்டேன். எந்த ஹீரோயினுக்கும் அப்படிப் பண்ணதில்ல. கொண்டாந்து பட்டப்பகல்ல எங்க தெரு முனையில நிறுத்திட்டு, வீட்டுக்குப் போயி, வா பூங்கா, வண்டியைப் பாக்க வான்னேன்.

தெருவே வேடிக்கை பாக்குது. கையைப் பிடிச்சு ஏத்தி விட்டேன். கட்டிலைத் தடவிப் பாத்தா. கண்ணாடியில மூஞ்சியைப் பாத்தா. நான் பாத்ரூம் கதவைத் திறந்து விட்டு, போயிட்டு வான்னு சொன்னேன். அவ என்னைப் பாத்துட்டு உள்ள போயி தாப்பாள் போட்டுக்கினா.

நான் கீழ எறங்கி படிக்கட்டுல உக்காந்தேன். செஞ்சியில உக்காந்திருந்த அதே படிக்கட்டு. பத்து நிமிஷம் இருக்கும். ஃபிளஷ் சத்தம் கேட்டுச்சு. உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன சார், அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் அழுதுட்டேன். சந்தோஷத்துலதான். ஒரு பாரம் இறங்கின மாதிரி.

வெளிய வந்தா. நல்லா சுத்தமா வெச்சிருக்கீங்கன்னா. என் தோளைப் பிடிச்சுக்கினு படியில காலு வெச்சவ, கதவாண்ட ஒரு நிமிஷம் நின்னா. அந்த போர்டைப் பாத்தா.

"இன்னைக்கும் ஒரு லைட்டுதான் எரியுது"ன்னா.

அவ்ளோதான் சொன்னா. கோவமா சொல்லல.

உங்ககிட்டயும் பொய் சொல்லிட்டேன் சார். அன்னைக்கு டேங்க் ஃபுல்லு இல்ல. காலையிலதான் கொட்டிட்டு வந்தேன்னு நானே சொன்னேனே. ஒரு லைட்டுதான் எரிஞ்சுது. ரூலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. எதிர்ல டிரைவருங்க உக்காந்திருந்தானுங்க, கூட்டத்துல நிக்கிறவ என் பொண்டாட்டின்னு அவனுங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு நெனச்சேன். கீழ நின்னா போர்டு தெரியாதுன்னு நெனச்சேன். அவ பாத்திருக்கா. நாலு வருஷமா தெரிஞ்சு வெச்சுக்கினு, டாக்டரம்மா கேட்டப்போ தரையைப் பாத்துக்கினு இல்லன்னு சொல்லியிருக்கா.

அவளை வீட்ல விட்டுட்டு வண்டியை எடுத்தேன். ஒரு ஆளு போனா டேங்க்கைக் கொட்டித்தான் ஆவணும்னு இல்ல. ஆனா கை பழக்கம். பம்பிங் ஸ்டேஷனுக்குத்தான் போச்சு வண்டி. குழாயை மாட்டி வால்வை இழுத்தேன். குழாயில நடுவுல ஒரு கண்ணாடித் துண்டு இருக்கும், என்ன போவுதுன்னு பாக்குறதுக்கு.

நீலம் சார். நான் ஊத்துன நீலம் அப்படியே போவுது. துளி பச்சை இல்ல. கடைசிச் சொட்டு வரைக்கும் பாத்தேன். நான் ஊத்துன தண்ணி, அவ ஃபிளஷ் பண்ண தண்ணி, வேற ஒண்ணுமே இல்ல.

அவளுக்கு வர்றது நின்னு போச்சு சார். தெனம் ஒரு லிட்டரு, வியாழன் போயி திங்கள் வர நாலு நாளு, அதான் அந்த நாலு கிலோ. எத்தனை மாசமாச்சோ. அரை லிட்டர் போவுதுன்னு சும்மா சொல்லிக்கினு இருந்திருக்கா. நெசத்தைச் சொன்னா தண்ணியைப் பாதியாக் கொறைச்சிடுவாங்க இல்ல, அதுக்காக. அப்புறம் பத்து நிமிஷம் உள்ள என்ன பண்ணினா? சும்மா உக்காந்திருந்திருக்கா. நான் வெளிய உக்காந்திருக்கேனேன்னு எனக்காக ஃபிளஷ்ஷை அழுத்தியிருக்கா. ஊரான் உடம்பெல்லாம் தெரியும்னு சொன்னேன் இல்ல. வீட்ல இருக்கிற உடம்பு ஒண்ணு, அது தெரிய எனக்கு இவ்ளோ நாளாச்சு.

இப்ப டாக்டரம்மா வந்து கேப்பாங்க. இவ அரை லிட்டருன்னு சொல்வா. நான் வாயை மூடிக்கினு இருந்தா அவளுக்குத் தண்ணி கிடைக்கும். என்னைக்காவது ஒரு திங்கக்கிழமை வர்றதுக்குள்ள மூச்சு நின்னுடும். வாயைத் திறந்தா அரை லிட்டருதான். அரை லிட்டர்னா என்ன சார், மாத்திரை முழுங்கவே பாதி போயிடும். ஐஸையும் அதுலயே சேத்துப்பாங்க. ஜென்மத்துல என்கிட்ட ரெண்டே ரெண்டு கேட்டிருக்கா அவ. ஒண்ணுக்கு அன்னைக்கு இல்லன்னுட்டேன். இன்னொண்ணு இந்தத் தண்ணி.

தோ, டாக்டரம்மா ரெண்டாவது பெட்டுக்கு வந்துட்டாங்க. சிஸ்டர் என்னைத்தான் கூப்புடுது. பாருங்க, அவளும் கதவைத்தான் பாத்துக்கினு இருக்கா, நான் வர்றேனான்னு.

சொல்லத்தான் போறேன் சார். அவ பாத்துக்கினு இருக்கிறப்பவே சொல்லணும், அதான் கஷ்டம். டேங்க் ஃபுல்லுன்னு மறுபடியும் நாந்தான் சொல்லப் போறேன். இந்த வாட்டி நெசமாவே ஃபுல்லு.

இந்த ஃபிளாஸ்க்கை வெச்சுக்குங்க. உள்ள ஆறு கட்டி இருக்கு. உங்க வீட்டம்மா வெளிய வந்ததும் தாகம்னுவாங்க, டாக்டரம்மாவைக் கேட்டுக்கினு நாலை அவங்களுக்குக் குடுங்க. இவளுக்கு ரெண்டு போதும்.